மாமியின் எடை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் வானத்தில் இருக்கும்போது மட்டும் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே என் வீட்டுக்காரர் ஜாபர் சாதிக் என்னைத் தினமும் பறக்க அனுப்பியிருக்க வேண்டும். அவருக்கு அந்த யோசனை வரவில்லை.

நாங்கள் கீழக்கரைக்காரர்கள். ஷார்ஜா முவைலாவில் மேலே வீடு, கீழே ரெடிமேட் துணிக்கடை. பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போன பிறகு, கடையில் உட்கார்ந்து சட்டை மாட்டுகிற ஹேங்கர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ராஸ் அல் கைமா பக்கம் ஒரு சின்ன ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்தேன். ரெண்டு சீட்டு விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ‘எதுக்கு ருமைஸா உனக்கு இது?’ என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை. மேலே போனால் சந்தோஷமாக இருக்கிறது, அதற்குத்தான். வேறு காரணம் கிடையாது. சந்தோஷத்துக்கும் காரணம் கேட்கிற ஜனங்களை என்னதான் செய்வது?

அதிலும் குளிர்காலத்தில் ஓட்ட வேண்டும். கோடையில் இங்கே காற்றே கொதித்து இளைத்துப் போயிருக்கும். லிஃப்ட் ரிப்பேரான கட்டடத்தில் அரிசி மூட்டையோடு படியேறுகிற மாதிரி விமானம் மூச்சு வாங்கும். நவம்பர் தாண்டிவிட்டால் காற்று குளிர்ந்து கனத்துவிடும். சக்கரம் உருள ஆரம்பித்ததுமே விமானம் ‘விடு விடு’ என்று துள்ளும். அந்தத் துள்ளலுக்காக எட்டு மாசம் வெயிலில் காத்திருக்கலாம். ஆனால் அதே குளிர்காலத்தில் காலையில் மூடுபனி இறங்கும். பனி விலகும்வரை பைலட்டும் சும்மா உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான்.

என் பறத்தலுக்கு எதிரி மூடுபனி அல்ல, எங்கள் குடும்ப வாட்ஸப். ‘கடைக்காரன் பொஞ்சாதி வானத்துல சுத்துறாளாம்’ என்று ஊரில் பேச்சு. ஜாபரிடம் கேட்டால் சரி என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். “உம்மா என்ன சொல்றாங்களோ அதுதான்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஒரே கொள்கை இது.

டிசம்பரில் அந்த உம்மாவே விசிட் விசாவில் வந்து இறங்கினார். என் மாமியார், ரஹீமா பீவி. வந்த அன்றே பஞ்சாயத்து. “உம்மா ஒருதடவை உன்கூட ஏறிப் பார்க்கட்டும். சரின்னுட்டா சரி. வேணாம்னுட்டா கலாஸ், இதோட விட்டுடணும்” என்றார் ஜாபர். கோபத்தில் நானும் “சரி” என்றுவிட்டேன். வாய்தான் எனக்கு விரோதி. என் முழு ஆகாயத்தையும் கொண்டுபோய் மாமியின் மடியில் வைத்துவிட்டேனே என்று அன்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கும் வளைகுடாவுக்கும் எத்தனையோ தடவை வந்துபோனவர். ஒருதடவைகூட லக்கேஜ் கூடுதல் என்று ஏர்போர்ட்டில் அவரை யாரும் நிறுத்தியதில்லை. கொண்டுபோவது குறைவு என்று அர்த்தமில்லை. வழியனுப்ப வந்தவர் கையில் ஒரு பை இருக்கும், எடை போட்டு முடிந்ததும் அது மாமியின் கைக்கு வந்துவிடும். சுடிதாருக்குமேல் சுடிதார், அதற்குமேல் அபாயா, ஜாக்கெட்டின் ஒவ்வொரு பையிலும் ஒவ்வொரு டப்பா. போகும்போது ஒரு சுற்று, வரும்போது ஒரு சுற்று என்று பருத்து மெலிவார். இங்கே இருக்கிற நம் ஆட்கள் எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் செய்வதுதான். மாமி அதில் மன்னாதி மன்னர்.

ஃபுஜைராவில் அவர் மகள் மர்ஜானா இருக்கிறாள். அங்கே பறந்து போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. விமானத்தில் இடம் ரெண்டே பேருக்கு என்பதால் ஜாபர் எங்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டும். முந்தின நாளே மாமிக்கு விளக்கமாகச் சொன்னேன்.

“மாமி, இது குட்டி விமானம். நம்ம ரெண்டு பேரு உடம்போட கனத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. கைப்பை ஒண்ணு போதும்.”

“சரி புள்ள” என்றார் மாமி. அவ்வளவு சுலபமாக அவர் சரி என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காலையில் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தால் எங்கு பார்த்தாலும் பனி. நிறுத்தியிருந்த விமானங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பதினேழு டிகிரி. அதற்கே ஜாபர் குரங்குக் குல்லா, மஃப்ளர், கையுறை என்று ஏதோ காஷ்மீருக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்றார். மாமி முட்டிவரை தொங்குகிற பெரிய ஜாக்கெட் போட்டிருந்தார். “குளிருதுல்ல?” என்று ஜாபர் கேட்க, “கொல்லுது வாப்பா” என்று மாமி சொல்ல, அம்மாவும் மகனும் பல்லைக் கிட்டித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தீர்ப்பு சொல்லப்போகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

பனி விலக ஆரம்பித்ததும் அருள்ராஜ் எடை மெஷினைக் கொண்டுவந்தார். கிளப்பில் தரை வேலைகளைப் பார்க்கிற தூத்துக்குடிக்காரர்.

“அம்மா, கொஞ்சம் ஏறி நில்லுங்க.”

“ஆம்பள கண்ணு முன்னாடி நான் எடை பாக்க மாட்டேன்” என்றார் மாமி.

அருள்ராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாமி ஜாக்கெட்டைக் கழற்றி ஜாபர் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். எண்ணை நான் பார்த்தேன். சத்தியமாக வெளியே சொல்ல மாட்டேன். என் எடையும் பெட்ரோலும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். எல்லைக்குள்தான், ஆனால் மயிரிழையில். ஜாபர் அந்த ஜாக்கெட்டை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். உம்மாவின் துணிமேல்கூட என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அட, மண்டூகமே!

நான் விமானத்தைச் சுற்றி வந்து இறக்கைகளில் கோத்திருந்த பனிநீரைத் துண்டால் துடைத்தேன், பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். அந்த நேரத்தில் மாமி ஜாக்கெட்டோடு ஜாபரையும் கூட்டிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போய்விட்டு வந்தார். ஏறி உட்கார நேரம் பிடித்தது. சீட் பெல்ட் எட்டவில்லை, இழுத்து நீட்டி மாட்டிவிட்டேன். குளிருக்கு இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருப்பார் என்றுதான் பட்டது. மனசு முழுக்க நல்லபடியாகப் பறக்க வேண்டும், மாமி வாயால் ஒரு ‘சரி’ வர வேண்டும் என்ற ஒரே வேண்டுதல்.

ஓடுபாதையின் முனையில் போய் நின்றேன். கிளம்பும்முன் காம்பஸைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஓடுபாதை வடக்கே பார்த்தது, காம்பஸும் வடக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அது மேற்கே சாய்ந்து நின்றது.

“மாமி, போன் மடியில இருக்கா?”

“இல்லையே. பையிலல்ல இருக்கு.” என்ன பார்க்கிறேன் என்று எட்டிப் பார்க்க மாமி முன்னால் குனிந்தார். காம்பஸ் இன்னும் கொஞ்சம் சுழன்றது. அவர் பின்னால் சாய்ந்தார். காம்பஸ் திரும்பி வந்தது.

“மாமி, இன்னொருதடவை குனிங்க.”

குனிந்தார். சுழன்றது. நிமிர்ந்தார். திரும்பியது. என் வீட்டுக்காரரைப் போலவே அதுவும் மாமி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பியது.

“மாமி, உடம்புல இரும்பு என்ன வச்சிருக்கிய?”

மாமி வெளியே பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மணலைத் தவிர ஒன்றுமில்லை.

“மாமி!”

“ஒரு தோசைக்கல்லு புள்ள. மர்ஜானா கேட்டா. இங்க விக்கிற சட்டியில முறுகலா வர மாட்டேங்குதாம்.”

“எங்க?”

“வயித்துல. துண்டு வச்சுக் கட்டியிருக்கேன்.”

“வேற?”

“இடிகல்லு. சின்னது.”

“வேற?”

“தொதல் அல்வா. பாதாம் போட்டது, ஜாக்கெட்டு பையில. ரெண்டு பையிலயும். மாசிக் கருவாடு கொஞ்சம்.”

போகிற வழியில் மலை. மயிரிழையில் இருந்த கணக்கின்மேல் ஒரு சமையல்கட்டையே ஏற்றிக்கொண்டு அதைத் தாண்டப் பார்த்திருக்கிறேன்!

“இதோட போக முடியாது மாமி. திரும்பிப் போய் எறக்கி வச்சுட்டு வருவோம்.”

“என்னத்துக்கு? எடை மெஷினைத்தான் தாண்டியாச்சுல்ல?” மாமிக்கு நிஜமாகவே புரியவில்லை. “மெஷினைத் தாண்டிட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க புள்ள. நான் எத்தனை ஏர்போர்ட்டு பாத்தவ.”

“மெஷினைத்தான் ஏமாத்தலாம். இறக்கையை ஏமாத்த முடியாது மாமி.”

“அங்க உன் புருசன் போன்ல படம் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். கிளப்பு ஆளுங்க வேற நிக்கிறாங்க. அத்தனை பேரு முன்னாடி என்னைய உருவி எறக்கப் போறியா? அப்புறம் நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத் தெரியும்லா?”

தெரியும். நன்றாகத் தெரியும். ஒரு நிமிடம் கையை எஞ்சின் விசைமேல் வைத்தபடி அப்படியே இருந்தேன். குளிர்ந்த காற்று, கனம் கொஞ்சம் தாங்கும், ஏறினாலும் ஏறிவிடும் என்று ஒரு நாசமாய்ப் போன குரல் உள்ளே சொன்னது. ஏறிவிட்டால் மாமி சரி என்பார், வானம் என்னுடையது. ஏறாவிட்டால்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. டவரைக் கூப்பிட்டு, திரும்பி வருகிறேன் என்று சொன்னேன்.

இறங்கியதும் மாமி யாரையும் பார்க்காமல் பாத்ரூம் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தார். மேசைமேல் தோசைக்கல், இடிகல், தொதல் டப்பாக்கள், கருவாடு, எங்கிருந்தோ ஒரு தேங்காய்த் துருவி. தேங்காய்த் துருவியைப் பற்றி அவர் சொல்லவே இல்லை! அருள்ராஜ் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

மாமி நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் வரல.”

ஜாபர் என்னிடம் பாய்ந்தார். “பாத்தியா? ஒரு தோசைக்கல்லுக்காக உம்மாவைச் சபையில வச்சு அசிங்கப்படுத்திட்டியே!”

“மச்சான், நீங்கதான் கட்டிவிட்டியளா?”

“உம்மா கட்டச் சொன்னாங்க.”

என் கோபம் தரையில்தான் வரும் என்று சொன்னேனே. வந்தது. ஆனால் அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? மாமியின் முன்னால் போய் நின்றேன். “மாமி, நீங்க வேணாம்னு சொல்லுங்க, இன்னையோட விட்டுடுறேன். வயிறெரிஞ்சாலும் விட்டுடுறேன். ஆனா அந்தச் சாமானோட உங்களை ஏத்த மாட்டேன். நீங்க என்ன சொன்னாலும் ஏத்த மாட்டேன்.”

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“கனம் கூடாதுன்னு இவ சொன்னது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் உம்மா.”

“தெரிஞ்சுமா முடிச்சுப் போட்டே?”

“நீங்கதானே உம்மா சொன்னிய...”

“நான் கெணத்துல குதிக்கப் போறேன், கல்லக் கட்டிவிடுன்னு சொன்னா கட்டிவிடுவியா?”

ஜாபர் யோசித்தார். அதுதான் தப்பு, யோசித்திருக்கக் கூடாது. மாமி “ச்சீ” என்று எழுந்து ஜாக்கெட்டை உதறி, பைகளைத் தானே வெளியே இழுத்துக் காட்டினார். “இந்தா, பாத்துக்க. யல்லா, நட.”

இரண்டாவது தடவை காம்பஸ் நல்ல பிள்ளையாக வடக்கைப் பார்த்தது. விசையைத் தள்ளினேன். குளிர்காற்றில் விமானம் எப்போதும்போலத் துள்ளி எழுந்தது. மாமி கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார். கடலோரம் இன்னும் பனி பஞ்சுப்பொதியாகக் கிடந்தது, அதற்குமேல் கட்டடங்களின் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மலைமேல் வந்தபோது காற்று ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மாமி என் முழங்கையைப் பிடித்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

ஹெட்போனில் மாமியின் மூச்சு மட்டும் கேட்டது.

“கோபமா மாமி?”

“கோபந்தான். இந்த வயசு வரைக்கும் என்கிட்ட யாரும் முடியாதுன்னு சொன்னதில்ல. உன் மாமா சொன்னதில்ல, பெத்த புள்ளைங்க சொன்னதில்ல. நான் என்ன சொன்னாலும் தலையாட்டிட்டுப் போயிருவாங்க. சரியா தப்பான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.” கீழே மலையைப் பார்த்தபடியே சொன்னார். “சாயங்காலம் திரும்புறப்பவும் நீதானே ஓட்டுவே?”

“ஆமா மாமி.”

“அப்ப சரி. வேற எவன் ஓட்டினாலும் நான் ஏற மாட்டேன். நான் சொன்னேன்னு எல்லாத்தையும் ஏத்திக்கிடுவானுவ.”

கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைக்க முடியவில்லை. மலை முடிந்து கடல் தெரிந்துவிட்டது, ஃபுஜைரா டவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.