கிரிவலப் பாதையில் பூட்ஸ்

மரம் அறுக்கும் மெஷினைக் கையில் எடுத்தால் தருமன் தலைக்கு ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு மூடி, தொடைக்குத் தடித்த கவசம் எல்லாம் மாட்டிக்கொள்வான். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைப்பான். கிரிவலப் பாதையில் வேலை என்றால் மட்டும் பூட்ஸைக் கழற்றி வண்டியில் தொங்கவிட்டுவிடுவான். அவன் மனைவி சந்திரகலாவுக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

“ஊரே வெறுங்கால்ல மலையச் சுத்துது. நான் பூட்ஸ் காலோட நிப்பனா?”

“நீங்க இன்னா சுத்தவா போறீங்க? மரம் அறுக்கப் போறீங்க. பந்தோபஸ்துக்கு நிக்கிற போலீஸ்காரரு பூட்ஸ் போடல?”

“அவரு டூட்டி.”

“அப்போ நீங்க?”

“நான் இந்த மலையடியிலயே பொறந்த அடி அண்ணாமலை ஊர்க்காரன்டி.”

“ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜில மரம் வெட்டினப்போ போட்டீங்களே. அது மட்டும் மலையச் சுத்தற ரோடு இல்லியா?”

“அது காம்பவுண்டுக்கு உள்ள.”

சாமியின் எல்லை எந்தக் காம்பவுண்டுச் சுவரோடு நிற்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். ஒருமுறை கழற்ற மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அவளே பூட்ஸை மாட்டிவிட்டு, லேஸை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு அனுப்பினாள். லேஸை அறுத்துவிட்டுக் கழற்றியிருந்தான்.

பௌர்ணமிக்கு முன்பு அடித்த மழையில் பாதையோரப் புளியமரம் ஒன்று சாய்ந்தது. அதன் மேல் ஏறி நின்று அறுக்கும்போது ஈரப் பட்டையில் தருமனின் வெறுங்கால் வழுக்கியது. பாதி அறுபட்ட கிளை, கீழே விழுந்தவன் நெஞ்சின் மேல் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.

துக்கத்துக்கு வந்த பெரியம்மா எல்லம்மாள், “மலையச் சுத்தற பாதையில உயிர் போறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்” என்றாள்.

“அந்தக் கொடுப்பினை உன் புள்ளைக்கு வேணுமா பெரிம்மா?” என்று கேட்டாள் சந்திரகலா.

காரியம் முடிந்த மறுவாரம் தருமனின் தம்பி விமல்ராஜ் வந்து நின்றான். பாதையில் இன்னொரு மரம் சாய்ந்திருந்தது.

“மெஷினைக் குடுங்க அண்ணி.”

“பூட்ஸ் எங்க?”

“மலைப் பாதையில அண்ணனே போட மாட்டாரே.”

“அண்ணன் இப்போ எங்க?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு போய் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தான். லேஸைக்கூட அவன் இறுக்கியிருக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

“திருப்பத்துல கழட்டிடுவ நீ.”

“இல்ல அண்ணி, சத்தியமா.”

“உங்க அண்ணனும் இப்படித்தான் சத்தியம் பண்ணாரு.”

புருஷன் செத்து மாதம் ஆகாதவள் கொழுந்தன் வண்டியில் ஏறிப் போனால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். பேசட்டும். மெஷினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ அறுத்து முடிக்கிற வரைக்கும் நான் அங்கதான் நிப்பேன். லேஸை இறுக்கிக் கட்டிட்டு வண்டிய எடு.”