நாலு தோள்

பவர் ஹவுஸில் ராத்திரி ஷிப்டு முடிந்து ஸ்ரீகண்டன் வீடு திரும்பியபோது அப்பா செத்துப்போயிருந்தார். அம்மா அனந்தலக்ஷ்மி அதற்குள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"விடிகாலம்பர காப்பி கேட்டார். கொண்டு வரதுக்குள்ள போயிட்டார்" என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்ரீகண்டா, அவரைத் தெருக்காராதான் தூக்கணும். கூலிக்கு ஆள் வெச்சுடாதே. நான் வேறொண்ணும் கேக்கல்லே."

கேட்டிருக்கக்கூடியவற்றிலேயே நடக்காத ஒன்றைத்தான் அவள் கேட்டாள். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் ஒருத்தரும் அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

எல்லாம் முதல் யுத்தத்தில் வந்த வினை. அப்பா நாகேஸ்வரய்யர் அப்போது பட்டாளத்து ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவாகப் பஸ்ராவுக்குக் கப்பலேறினார். போன இடத்தில் எழுத ஆள் தேவைப்படவில்லை, தூக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை இவர் பிடித்தார். மறுமுனையைப் பிடித்தவன் நாகர்கோவில் பக்கத்து யோசுவா. சண்டை முடிந்து திரும்பியதும், கடல் தாண்டியதற்குப் பிராயச்சித்தமாகப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் செய்தார். தலையை மழித்தார், பஞ்சகவ்யம் குடித்தார், ராமேஸ்வரத்தில் முழுகினார். கடைசியில் கோவில் மண்டபத்தில் கூட்டி வைத்து, அங்கே என்னத்தையெல்லாம் தொட்டீர் என்று கேட்டார்கள். பேனாவைத் தொட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர்களும் அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரையும் தொட்டேன். சாகப்போறவன்கிட்டே ஜாதி கேக்க வாய் வரல்லே" என்றார் அப்பா.

அன்றோடு விலக்கிவைத்தார்கள்.

அதற்காக அவர் ஒருத்தர் மேலும் கோபப்பட்டதில்லை. ஸ்ரீகண்டனுக்குப் பிடிக்காததே அதுதான். எதிரே யாராவது வந்தால் அப்பா ஓடையோரமாக ஒதுங்கி நின்று சிரிப்பார். வீட்டில் பெண்ணுக்குத் தலை வாரிவிடுவார். அம்மா விலகியிருக்கும் நாட்களில் சமைத்துப் போடுவார், அதுவும் அம்மா சமைப்பதைவிட நன்றாக. பிள்ளைகளை அடித்ததே கிடையாது. யுத்தத்தைப் பற்றிக் கேட்டால் ஈச்சம்பழத்தின் ருசியைத்தான் சொல்வார். உள்ளூர்ச் சம்பந்தம் ஒன்றும் அமையாமல் மகள் விஜயலக்ஷ்மியைப் பம்பாய்க்குக் கட்டிக்கொடுக்க வேண்டி வந்தபோதுகூட, "அங்கே நல்ல கடல்காத்து" என்றார்.

தெருவில் காலரா வந்த வருஷம் அவரைக் கூப்பிட்டார்கள். வாசல் வழியாக வேண்டாம், கொல்லை வழியாக வந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். போனார். வாந்தி அள்ளினார், கால் கழுவிவிட்டார், வாயில் கஞ்சித்தண்ணி ஊற்றினார். நீலகண்டய்யரின் தகப்பனார் செத்துப்போனபோது பெற்ற பிள்ளையே கிட்டே வரப் பயந்து நின்றான். அந்தப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்பாதான். காலரா போனதும் விலக்கு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நீலகண்டய்யர்தான் இப்போது தெருவுக்குப் பெரிய மனுஷர். ஸ்ரீகண்டன் அவர் வாசலில் போய் நின்றான். உள்ளே சுவரில் அவர் மகன் பட்டாள உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டாம் சண்டைக்குப் போனவன். அவனும் பஸ்ராவில்தான் இருந்தான்.

"கேட்டேன், கேட்டேன். வல்லாத்த சங்கடமாக்கும்" என்றார் நீலகண்டய்யர். "உங்கப்பா மாதிரி ஒரு பாவம் மனுஷன் இந்தத் திருவனந்தபுரத்துல கிடையாது."

"தூக்கறதுக்கு நாலு பேர் வேணும், மாமா. கொள்ளிச்சட்டி எடுக்கறதுனாலே நான் தோள் குடுக்க முடியாது. பம்பாய்லேர்ந்து மாப்பிள்ளை வந்து சேர நாளாகும். அம்மா உங்க எல்லாரையும் எதிர்பார்த்துண்டிருக்கா."

"அது ஷரிதான். ஆனா அந்த விலக்கு ஒண்ணு இருக்கே."

"உங்க பிள்ளையும் கடல் தாண்டித்தானே போயிருக்கான்?"

"அவனை யார் விலக்கினா? ஒருத்தரும் விலக்கல்லையே" என்று அவர் பொறுமையாக விளக்கினார். "உங்கப்பாவை வெலக்கினவா எல்லாரும் பெரியவா. அவா ஒருத்தராவது இருந்தாக் கால்ல விழுந்து எடுக்கச் சொல்லலாம். எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. இனி அதை எடுக்கறதுக்கு நாங்க யாராக்கும்?"

இன்னும் நாலைந்து வீட்டுப் படி ஏறினான். ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவர் பூஜையில் இருந்தார், எப்போது முடியும் என்று அவர் மனைவிக்கே தெரியவில்லை. எல்லா வீட்டிலும் அப்பாவை நல்லவர் என்றார்கள். அப்படிச் சொல்வதற்கு யாருக்கும் தோள் வலிக்கவில்லை.

அவன் வெறுங்கையோடு திரும்பியபோது வாசலில் யோசுவா நின்றிருந்தான். சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் இருப்பவன். தலை முழுக்க நரைத்திருந்தது. செய்தி கேட்டுக் கடையில் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"நான் கண்டேன், பிள்ளே, நீ ஒவ்வொரு படியா ஏறி இறங்குததை" என்றான். "இன்னும் எவன் கால்ல விழப்போற? நானும் சாமியும் எத்தன பேரைச் சொமந்திருக்கோம். இப்ப எனக்க தோளுக்கு என்ன கேடு வந்துது?"

ஸ்ரீகண்டன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு தெருவிலிருந்து வந்திருந்த வாத்தியார் நேரமாகிறது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார்.

"பிடிங்கோ, மாமா" என்றான் ஸ்ரீகண்டன்.

யோசுவா துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக் குனிந்து மூங்கிலைத் தொட்டான். அவ்வளவுதான். எதிர் வீட்டுக் கதவு திறந்து ஒருவர் இறங்கி வந்தார். பூஜையில் இருந்தவர் வந்தார். இடுப்பு வலிக்காரர் ஓடியே வந்தார். அவர்களுக்குப் பின்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே நீலகண்டய்யர்.

"என்ன அக்கிரமம் இது! வேதக்காரன் தோள்ல பிராமணப் பிரேதமா? பிள்ளையார் கோவில் வழியாவா? நாங்கள்ளாம் செத்தா போயிட்டோம்?"

"செத்தவரு ஒருத்தருதான், சாமி" என்றான் யோசுவா. "அவருக்குத்தான் ஆளு பத்தல்ல."

"நீ சும்மா இரு, ஓய்! டேய் ஸ்ரீகண்டா, தெரு மானத்தை வாங்கப் பாக்கறியா?"

ஸ்ரீகண்டன் கொள்ளிச்சட்டியைக் கீழே வைத்தான். அவர்களை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து அம்மா நிலைப்படிக்கு வந்தாள்.

"தூக்கட்டும்டா" என்றாள்.

"இவா எதுக்கு வந்திருக்கான்னு பார்த்தியாம்மா?"

"எதுக்கு வந்தா என்ன? வந்திருக்கா."

யோசுவா அவள் முகத்தைப் பார்த்தான். மூங்கிலை விட்டுவிட்டுத் துண்டை உதறிப் பின்னால் போய் நின்றான். தெருக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். நீலகண்டய்யர் முன்பக்கம் வலது தோள். அம்மா வாசலில் நின்று கைகூப்பினாள். அழுகைக்கு நடுவே அவள் முகத்தில் என்னவோ தெளிந்தது. ஸ்ரீகண்டன் சட்டியோடு முன்னால் நடந்தான்.

பிள்ளையார் கோவிலைத் தாண்டித் தெரு திரும்பியது. திரும்பியதும் அவர்கள் பாடையை இறக்கினார்கள். வழியில் இறக்கிவைக்கிற வழக்கம் உண்டு, அதுதான் என்று ஸ்ரீகண்டன் நினைத்தான். நீலகண்டய்யர் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரு கழிஞ்சாச்சு. இனி அவாளே எடுத்துண்டு போகட்டும். யார் பார்க்கப் போறா?" என்றார். சாவுக்கு வந்தவர் முகம்கூட இல்லை அது. பாதி வேலையை முடித்தவர் முகம்.

"மாமா, இன்னும் ஆத்தங்கரை வரைக்கும்..."

"விலக்கு இருக்கேடா, குழந்தே. உனக்குத் தெரியாததா?"

நாலு பேரும் குளத்துப் பக்கம் குளிக்கப் போனார்கள். போகிற வழியில் ஒருவர் அரிசி ரேஷனைப் பற்றிக் கேட்டது அவன் காதில் விழுந்தது. வாத்தியார் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுத்தெருவில் அப்பா கிடந்தார். பச்சை ஓலையில் ஈ வந்து உட்கார்ந்தது.

யோசுவா மூன்று ஆட்களையும் கண்ணால் கூப்பிட்டான். துண்டை மறுபடி சுருட்டித் தோளில் வைத்தான். மூச்சு வாங்க வாங்க ஆற்றங்கரை வரை தூக்கிக்கொண்டு வந்தான். இறக்கி வைத்ததும் தூரப் போய்விட்டான். சிதை பிடித்துக்கொள்ளும்வரை ஒரு மரத்தடியிலேயே நின்றான்.

ஈர வேட்டியோடு ஸ்ரீகண்டன் வீடு வந்து சேர்ந்தான். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுகத் திட்டமிட்டுக்கொண்டே வந்திருந்தான். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி வரைக்கும் கொண்டு போனாளா?"

அவன் வாயைத் திறந்தான். "போனா" என்று வந்தது, அப்பா சொல்வதுபோலவே.

"நீலகண்டன் தோள் குடுத்ததை நான் கண்ணால பார்த்தேன். அப்பா எப்பவும் சொல்லுவார், மனசுல ஒண்ணும் வெச்சுக்கற ஜனங்க இல்லே இதுன்னு. நீதான் எரிஞ்சு விழுவே." அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். "பதிமூணாம் நாள் அவா எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடணும். ஆள் விட்டுச் சொல்லாதே. நீயே ஆத்துக்கு ஆத்து போய் நமஸ்காரம் பண்ணிக் கூப்பிடு. கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். ஸ்ரீகண்டன் வேட்டியைப் பிழிந்துகொண்டு அப்படியே நின்றான். எதிர் வீட்டில் யாரோ சாப்பிட்டுக் கைகழுவும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அப்பாவிடம் அவனுக்கு எரிச்சல் வந்ததுண்டு, வெட்கம் வந்ததுண்டு. கோபம் இப்போதுதான் வந்தது. சண்டை போட ஆள் இல்லாமல் போன பிறகு.