நாஜியாவின் பழைய எண்

பிள்ளை பிறந்து மூன்று வருஷம் கழித்து நாஜியா மறுபடி வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது. அதே திருச்சி நிறுவனம்தான். இப்போது மணமேல்குடி வீட்டிலிருந்தே வேலை. ரத்த வங்கிகளில் என்னென்ன ரத்தம் இருக்கிறது என்று காட்டும் செயலியை அவள் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். செயலியும் அதற்கு வேண்டியதெல்லாமும் கன்டெய்னர் என்ற ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருந்தன. புதிய சர்வரில் எதையும் மாற்ற வல்ல ரூட் அதிகாரம் அவளுக்குக் கிடையாது. சாதாரணப் பயனராகவே அதைப் பிரிக்க வேண்டும்.

நான்கு முறை முயன்றாள். நான்கு முறையும் ஒரே பிழைச் செய்தியைக் காட்டிப் பாதியில் நின்றுபோனது.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கும் அவள் கணவன் அப்ரார், மதியம் சாப்பிட வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. படித்ததெல்லாம் மறந்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாள். அவன் தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தான். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டான்.

“நாங்க கடற்கரைப் பக்கம் போயிட்டு வாரோம். நீ சாப்பிட்டுட்டு, அது என்னதான் சொல்லுதுன்னு பொறுமையா படி.”

படித்தாள். பொட்டலத்துக்குள் ஒரு கோப்பு யாருடையது என்று குறிக்கும் உரிமையாளர் எண் நூற்று முப்பத்தெட்டு கோடிக்கு மேல் இருந்தது. புதிய சர்வர் ஒரு பயனருக்கு ஒதுக்கியதோ அறுபத்தையாயிரத்துச் சொச்சம் எண்கள். அதைத் தாண்டிய எண்ணை ரூட் இல்லாமல் கோப்புக்குப் போட முடியாது. பழைய சர்வரில் ரூட் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அது யாருடைய எண் என்று பழைய பதிவுகளில் தேடினாள். அவளுடையதுதான். நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த லாகின் எண். பொட்டலத்தைக் கட்டியவளும் அவளே.

ஒதுக்கீட்டைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அது மற்றவர்களின் எண்களோடு மோதக்கூடும். எனவே கோப்புகளைச் சேர்க்கும்போது பழைய உரிமையாளர் எண்ணை எடுத்துக்கொள்ளாதபடி, கட்டும் கட்டளைகளில் ஒரு வரியை மாற்றி, பொட்டலத்தைப் புதிதாகக் கட்டினாள். இந்த முறை ஓடியது.

அப்ரார் திரும்பியபோது மகள் அவன் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

“சரியாயிடுச்சு மச்சான். எல்லாம் என் தப்புதான். அன்னிக்கு நான் கட்டுனது” என்றாள்.

“ஒனக்குத்தான் மறந்துபோச்சே. வேற யாரு வந்து சரிபண்ணுனா?”

அவள் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிப் படுக்க வைத்தாள். அவன் இன்னும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீன் குழம்பைச் சூடு பண்ணப் போனாள்.