கூட்டினால் எட்டு

மேலச்சுனையில் ஒரு பேராசிரியர் தன் ஆய்வுக் கட்டுரையில் எந்தக் கல்லூரியின் பெயரைப் போடுகிறாரோ, கட்டுரை அச்சான மறுநாள் காலையில் அந்தக் கல்லூரியில்தான் அவருடைய மேசை கிடக்கும். அதனால் பைபாஸ் சாலையோரம் ஒரே கல்லூரி மூன்று கல்லூரிகளாக நின்றது. தொடக்ககாலப் பெயரை விடாமல் எழுதுகிறவர்களுக்கு வேலாண்டி அறக்கட்டளைக் கல்லூரி. பெயர் மாறியபோது வந்த சுற்றறிக்கையை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு மேலச்சுனைத் தன்னாட்சிக் கல்லூரி. சோம்பல்பட்டு ‘உயிரியல் துறை, மேலச்சுனை’ என்று மட்டும் எழுதியவர்களுக்கு வெறும் துறை மட்டும் தனியாக நின்றது. அதற்கு வாயிற்கதவும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. முதல்வர் பிச்சுமணி இதுவரை ஒரு கட்டுரைகூட எழுதியதில்லை. ஆகவே அவருக்குக் கட்டடமே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து மூன்றையும் நிர்வாகம் செய்தார். அங்கே நல்ல காற்று வருகிறது என்பார்.

குழல்வாய்மொழியும் அவள் கணவர் செண்பகராமனும் குளத்து நத்தைகளைப் பற்றிச் சேர்ந்து எழுதிய கட்டுரையில்தான் வினை வந்தது. அவள் புதுப் பெயரைப் போட்டாள். அவர் கைப்பழக்கத்தில் பழைய பெயரைப் போட்டுவிட்டார். மறுநாள் இருவர் மேசைக்கும் நடுவே கண்ணாடிச் சில்லு பதித்த சுற்றுச்சுவர் நின்றது. பேராசிரியர் குடியிருப்பும் கல்லூரியைச் சேர்ந்தது என்பதால் வீடும் பிரிந்தது. மிக்சி அவருக்குப் போயிற்று, ஜார் இவளுக்கு வந்தது. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகலாம், ஆனால் பார்வையாளராகத்தான். சாயங்காலம் மணியடித்ததும் காவலாளி வந்து, “டீச்சர், நேரமாச்சு” என்று டார்ச் அடிப்பார்.

இதைச் சரிசெய்ய இருவரும் முயலாமல் இல்லை. அவருக்காக இவள் பழைய பெயருக்கு மாற்றித் திருத்தம் அனுப்பினாள். இவளுக்காக அவர் புதுப் பெயருக்கு மாற்றி அனுப்பினார். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை; ஆசையாக ஒன்றைச் செய்யும்போது சொல்லிவிட்டா செய்வார்கள்? இரண்டு திருத்தமும் ஒரே இதழில் வந்தன. இடம் மாறியது, சுவர் அங்கேயே இருந்தது. வாழ்நாளில் ஆளுக்கு ஒரு திருத்தம்தான் என்று பத்திரிகை கையை விரித்துவிட்டது. அடுத்த கட்டுரைக்கு நத்தைகள் முட்டையிட்டாக வேண்டும். அவற்றுக்கு என்ன அவசரம்?

குழல்வாய்மொழிக்கு அவர் இல்லாத வீடு பிடிக்கவில்லை. அவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமலே இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் தலைநகரிலிருந்து எண் வழங்கும் அலுவலகத்து நிலோஃபர் வந்தார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்துக்கும் ஓர் எண் கொடுப்பது அவர்கள் வேலை. பேருந்து நிறுத்தத்தில் நின்று மூன்று கட்டடங்களையும் பார்த்துக்கொண்டார்.

“பேர் எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம் சார். நம்பர் ஒண்ணுதான். எல்லாரும் கட்டுரையில அந்த நம்பரைப் போட்டா எல்லாம் ஒண்ணாயிடும்.”

“சுவரு?” என்று குழல்வாய்மொழி கேட்டாள்.

“அதுவும்தான்.”

கல்லூரி தொடங்கிய ஆண்டு, ஊர், முன்பிருந்த பெயர் எல்லாவற்றுக்கும் சான்று எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். சுற்றறிக்கையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால்கூட அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவள். நிலோஃபர் சரிபார்த்து எண்ணைக் கொடுத்துவிட்டு, “ஒரு இலக்கம்கூட மாறக் கூடாது. பக்கத்து நம்பர் பக்கத்து வீடு மாதிரி, அங்க வேற யாராவது இருப்பாங்க” என்று சொல்லி பஸ் ஏறினார்.

முதல்வர் எண்ணைக் கூட்டிப் பார்த்தார். எட்டு வந்தது. மேலிருந்து கீழாகவும் கூட்டிப் பார்த்தார், அப்போதும் எட்டுதான். தன் ஸ்கூட்டருக்கு நல்ல எண் கிடைப்பதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு கல்லூரியைச் சனியிடம் ஒப்படைப்பாரா? கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினார். ஒன்பது வந்தது. மங்களகரமாக மஞ்சள் தடவிச் சுற்றறிக்கை அனுப்பினார்.

குழல்வாய்மொழி பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

“சார், கடைசி நம்பர் தப்பா இருக்கு.”

“தப்பில்லம்மா. திருத்தியிருக்கேன்.”

“அது வேற யாரு நம்பரோ சார்.”

“யாருதா இருந்தா என்ன, ராசியான நம்பர். எட்டை வச்சிக்கிட்டு ஒரு பொட்டிக்கடை நடத்த முடியுமா?” என்றவர், வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.

நத்தைகள் ஒருவழியாக முட்டையிட்டு அடுத்த கட்டுரையும் தயாராகியிருந்தது. அவள் சுவருக்குப் போனாள். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்வது என்று முடிவு செய்திருந்தாள்.

“ஏங்க, புது நத்தைக் கட்டுரையில நீங்க எந்த நம்பரப் போடப் போறிய?”

அந்தப் பக்கத்திலிருந்து செண்பகராமனின் குரல் வந்தது. “போடப் போறதா? போட்டு அனுப்பியாச்சு. போன தடவ சுற்றறிக்கையப் படிக்காமத்தான இவ்வளவு சீரழிவு. இந்தத் தடவ அட்சரம் பிசகாம அப்படியே போட்டுட்டேன். உன் பேருக்கு நேரா நீதான் போடணுமாம். நாளைக்குள்ள போட்டுரு, குழலு.”

“அது தப்பான நம்பருங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றறிக்கைக் காகிதம் சரசரத்தது.

“இனி மாத்த முடியாதே, ஆளுக்கு ஒரு திருத்தம்தானே, அது போன தடவையே போச்சே” என்றார். பிறகு, “நீ சரியானதையே போடு. உனக்குத் தப்பா எழுத வராது” என்றார்.

அவள் கணினி முன் உட்கார்ந்தாள். சரியான எண் மனப்பாடம். அதைப் போட்டால் மேலச்சுனையில் அழகான ஒரே கல்லூரியும், தரவில் ஒரு பிழையும் இல்லாத வாழ்வும் அவளுக்குக் கிடைக்கும். வாழ்நாளில் முதல் முறையாகத் தெரிந்தே ஒரு தவறைத் தட்டினாள். அனுப்பியதும் வயிறு லேசாகிப் பசித்தது.

கட்டுரை அச்சான மறுநாள் காலை இருவர் மேசைகளும் ஒரே அறையில் அருகருகே கிடந்தன. சன்னலுக்கு வெளியே பனிக்கட்டிகள் மிதக்கும் கடல். அது ஒரு துருவ ஆய்வுக் கப்பல். செண்பகராமன் அவளுடைய ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுவிட்டார். கப்பலின் பின்தளத்தில் மற்றத் துறைகளும் வந்து இறங்கியிருந்தன. சோம்பலால் எண்ணே போடாதவர்கள் மட்டும் கட்டுமரத்தில் கயிறு கட்டிப் பின்னால் வந்தார்கள். மேலச்சுனையில் சரியான எண்ணோடு ஒரே கல்லூரி நிற்பதாகவும், உள்ளே மேலச்சுனைக்காரர் யாரும் இல்லாததால் நாட்டிலேயே பிழையற்ற தரவுக்கான விருது அதற்குக் கிடைத்ததாகவும் வானொலியில் சொன்னார்கள். பிச்சுமணி நிறுத்தத்திலேயே மாலையை வாங்கிக்கொண்டாராம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் இருவர் உட்காரும் மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. குழல்வாய்மொழியைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மேலச்சுனையா? எங்க அவிய கடைசி நம்பர ஒண்ணு குறைச்சுத் தட்டிட்டாவ. உங்க காலேஜுல பாத்தியளா?”

குழல்வாய்மொழி பார்த்திருக்கவில்லை.

“பாத்தேன். நல்லா இருக்காவ” என்றாள். “வெயிலுதான் கொஞ்சம் ஒத்துக்கல.”

அந்தப் பெண் தலையாட்டினாள். “தொப்பி கொண்டு போகலியே” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்திருந்த தட்டை நிமிர்த்தி அதில் சோறு போட்டு மூடிவைத்தாள்.