எடை எந்திரமும் பூட்டுக்காரியும்

அந்த நாளில் திண்டுக்கல் ரயில் நிலையத்தில் ஓர் எடை பார்க்கும் எந்திரம் நின்றது. ஆள் உயரம், பளபளவென்று சிவப்புப் பெயின்ட். ஏறி நின்று ஓரணாவைப் போட்டால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டு, எடை அச்சடித்த அட்டை ஒன்று விழும். அட்டையின் பின்பக்கம் இங்கிலீஷில் ஒரு வரி பலன் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல வேலுமணி இருந்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வேறு விஷயம். முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்வான். கேட்டவர்கள் சந்தோஷமாகப் போவார்கள்.

மூட்டை தூக்கி இடுப்புப் போனபின் அவனுக்குக் கிடைத்த வேலை அது. அதற்கும் வினை வந்தது. மதுரையிலிருந்து எந்திரக் கம்பெனி ஆள் வந்து காசுப் பெட்டியைத் திறந்தால், காசைவிடப் பித்தளை வாஷர்தான் அதிகம். தெருவுக்குத் தெரு பூட்டுப் பட்டறை உள்ள ஊரில் வாஷருக்கா பஞ்சம்? காசு போய் விழும் பாகம் தேய்ந்து இளகிக் கிடந்ததால், எதைப் போட்டாலும் எந்திரம் அட்டையை நீட்டியது.

"வெள்ளிக்கிழமை வருவேன். இப்பிடியே இருந்துச்சுன்னா மிஷினை விருதுநகருக்கு ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். மிஷின் போனால் வேலுமணியின் பிழைப்பும் கூடவே ரயிலேறிவிடும்.

நேரே பேகம்பூருக்குப் போய் ஜெய்தூன் பீவியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். புருஷன் போனபின் பூட்டுப் பட்டறையைத் தானே நடத்துகிறவள். அவள் அரம் போட்ட பூட்டைக் கள்ளச்சாவியால் திறந்த ஆள் ஊரிலேயே இல்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலையத்துக்கு வந்தவள், எந்திரத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு ஒரு புது ஓரணாவை விரலில் உருட்டி, அதன் நெளிநெளியான விளிம்பைத் தடவினாள்.

"இது காசு இல்ல தம்பி, சாவி. பல்லு வெட்டுன சாவி" என்றாள்.

அந்த நெளிவு பல்லாய் மாட்டினால் மட்டும் திறக்கும்படி ஒரு வாசலை அராவிப் பொருத்தினாள். வட்டமான வாஷர் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. வேலுமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் மூக்காயி வந்தாள். சேவுகம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் பூக் கொண்டுவந்து நிலைய வாசலில் விற்கிறவள். கூடை காலியான நாளெல்லாம் எடை பார்த்துப் பலன் கேட்காமல் போகமாட்டாள். அவள் போட்டது வெள்ளைக்கார ராசா காலத்து ஓரணா; பல கை மாறி விளிம்பு வழவழவென்று ஆகியிருந்தது. எந்திரம் அதைத் துப்பியது. மறுபடி போட்டாள். மறுபடியும் துப்பியது.

"பூக்காரி செல்லாக்காசு போடுறா டோய்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பூ வித்து வாங்குன காசு அப்பு. இதுவா கள்ளக்காசு?" என்றவளுக்கு முகம் சுண்டிவிட்டது. காசை முந்தியில் முடிந்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் மட்டுமா? ஊரில் முக்கால்வாசிக் காசு அப்படித்தான். அன்று பெட்டியில் வாஷரும் இல்லை, காசும் இல்லை.

வேலுமணி ஓடிப்போய்ச் சொன்னதும் ஜெய்தூன் பீவி பட்டறைச் சாமானோடு நிலையத்துக்கு வந்தாள்.

"பூட்டு செஞ்சே பழகின கை தம்பி. எவனையும் உள்ள விடக் கூடாதுங்குற நெனப்புலயே செஞ்சுட்டேன். நல்லவனையும்ல நிறுத்திப்புட்டேன்."

பார்த்துப் பார்த்து அராவிய வாசலைக் கழற்றி, பழைய இரும்போடு போட்டாள். ஒரு கையில் தேய்ந்த காசு, ஒரு கையில் வாஷர். இரண்டையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். சட்டென்று விரல் நின்றது.

"எம்புட்டுத் தேஞ்சாலும் ஓரணாவுக்கு நடுவுல ஓட்டை விழாதுல்ல?"

ஒரு பூட்டு ஸ்பிரிங்கை நிமிர்த்தி, ஊசியாகத் தீட்டி, காசு உருளும் வழியில் தொங்கவிட்டாள். காசு வந்தால் ஊசி அதன்மேல் வழுக்கி வழிவிடும். வாஷர் வந்தால் ஓட்டையில் இறங்கி, பிடித்து வெளியே தள்ளிவிடும். அவ்வளவுதான் வேலை. வேலுமணி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு புத்தி எந்தக் கல்லூரிக்குப் போனாலும் வராது என்று நினைத்தான். அவன் எந்தக் கல்லூரியைக் கண்டான்!

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தார். வாஷரைப் போட்டார், திரும்பி வந்தது. புதுக்காசு போட்டார், அட்டை விழுந்தது. தலையை ஆட்டினார். ஆனால் வேலுமணிக்குத் திருப்தியில்லை. கூடையோடு ஒதுங்கிப் போன மூக்காயியைக் கூப்பிட்டான்.

"யக்கா, வந்து ஏறு."

"வேணாம்ப்பா. அன்னைக்குப் பட்டதே போதும்."

தூணோரம் நின்ற ஜெய்தூன் பீவி முன்னால் வந்தாள். "ஏறு ஆத்தா. உன் காசைத் திருப்பி விட்டது மிஷினு இல்ல, நான். இப்பப் போடு."

மூக்காயி முந்தியை அவிழ்த்து அதே காசைப் போட்டாள். அது உருண்டது. ஊசி லேசாகக் கிறீச்சிட்டது. கடகடவென்று சத்தம் கேட்டு அட்டை வந்து விழுந்தது.

"மிஷின் இங்கேயே நிக்கட்டும்" என்றார் கம்பெனி ஆள். "மதுரை மிஷினுக்கும் இதே மாதிரி செஞ்சு தரணும்மா."

மூக்காயிக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. அட்டையை வேலுமணியிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு?" என்றாள்.

வேலுமணி ஜெய்தூன் பீவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "உன் காசு நல்ல காசுன்னு போட்டிருக்குக்கா" என்றான்.

இங்கிலீஷ் தெரிந்த கம்பெனி ஆள் அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"ஆமாம்மா, அப்பிடித்தான் போட்டிருக்கு" என்றார்.