பின்கதவில் தார்ப்பொட்டு

தின்னர் பாட்டிலோடு என் ஷெட்டுக்குள் நுழைகிற எவனையும் எனக்குப் பிடிக்காது. முத்துசெல்வம் அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு அப்படித்தான் வந்து இறங்கினான். வெள்ளைக் கார். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குத் தார். அதற்கு மேலே கூரை வரைக்கும் கரிசல் தூசி.

"எக்கா, தார் பூராவும் போகணும். பன்னண்டு மணி பஸ்ஸுக்கு மாமனார் வாராவ. தின்னர் நானே கொண்டாந்துட்டேன்."

"அண்ணாச்சி, அதை உங்க கன்னத்துல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"கன்னம் தாங்குச்சுன்னா காருக்கும் போடுதேன்."

பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். தின்னர் தாரைக் கரைக்கும், மறுப்பதற்கில்லை. கூடவே பெயிண்டின் பளபளப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து நிற்கும். இதை எட்டயபுரம் ரோட்டில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. ஒருவன் மண்ணெண்ணெய் என்பான், இன்னொருவன் பிளேடு என்பான். போன வாரம் ஒரு மகராசன் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரோடு வந்தான்.

என் வாட்டர் சர்வீஸ் ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பலகையில் 'இசக்கி வாட்டர் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். இசக்கி என்றால் யாரோ ஆம்பளை என்று நினைத்து வருகிறவர்கள், ரப்பர் பூட்ஸோடு நிற்கிற இசக்கிசெல்வியாகிய என்னைப் பார்த்து, "ஓனர் இல்லையா?" என்பார்கள். "மூஞ்சி கழுவப் போயிருக்காவ, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நானே போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்து நிற்பேன்.

அந்த மாதம் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். போட்ட தார் ஆறுவதற்குள் அதன்மேல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காவிட்டால் நம் ஆட்களுக்குச் சோறு இறங்காது. தடுப்புக்குப் போட்ட கருவேல முள்ளை இறங்கி ஒதுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். முத்துசெல்வமும் அப்படிப் போனவன்தான். ஒரு தீப்பெட்டி பேக்டரியில் சரக்கு அனுப்புகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க லோடுமேன்களிடம் "பாத்து, பாத்து" என்று கத்துகிறவன், தான் மட்டும் எதையும் பார்க்க மாட்டான்.

கார் அவனுடையதுதான், ஆனால் வந்தது சீராக. மாமனார் வேல்சாமி நாகலாபுரத்தில் ஆடு வளர்க்கிறவர். பாதி மந்தையை விற்று மகளுக்குக் கல்யாணத்தில் இந்தக் காரைக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா என்றால் இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் காரைத்தான் சுற்றி வருவார். சந்தையில் ஆட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி கதவையெல்லாம் உள்ளங்கையால் தடவுவார். மகள் இளைத்திருக்கிறாளா என்று அப்புறம்தான் பார்ப்பார். அதனால் முத்துசெல்வத்துக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது மாமனாரின் உள்ளங்கைதான்.

பின் சீட்டிலிருந்து ஜெயப்பிரியா இறங்கினாள். அவன் மனைவி. முன் சீட்டில் உட்கார்ந்தால் சேலை கியரில் மாட்டும் என்று அவன் அவளைப் பின்னால்தான் உட்கார வைப்பானாம். அன்றைக்கு அவள் போட்டிருந்தது சுடிதார்.

"உங்க வீட்டுக்காரி நல்லா இருக்காளா அண்ணாச்சி?" என்று நான் கேட்டது தப்பு. உடனே தொடங்கிவிட்டான்.

"இவளுக்கு நாளைக்கு டிரைவிங் டெஸ்ட்டு எக்கா. டிரைவிங் ஸ்கூல் வண்டியில ஓட்டிப் பழகிட்டா. அந்த வண்டி எப்படியும் போகட்டும். நம்ம காரைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இதுல ஒரு கோடு விழுந்துச்சுன்னு வையுங்க, டெஸ்ட்டும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. வீட்டோட கெட."

ஜெயப்பிரியா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூமியைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. யாருடைய அப்பன் வாங்கிக் கொடுத்த கார் என்று கேட்க வாய் வரை வந்தது. வேலை கெட்டுவிடும் என்று பம்பைப் போட்டேன்.

காரை நிழலில் நிறுத்தி முதலில் தண்ணீரைத் தூரத்திலிருந்து அடித்தேன். கரிசல் தூசி பார்க்க மாவு மாதிரி இருக்கும், உள்ளே பொடிமணல். அதைக் கழுவித் தள்ளாமல் துணி வைத்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும். முத்துசெல்வம் தினமும் காலையில் தோளில் கிடக்கிற துண்டாலேயே காரைத் தட்டித் துடைக்கிறவன். அந்தத் துண்டு போட்ட பொடிக் கீறல்கள் பானெட் முழுக்க வெயிலில் சிலந்தி வலையாகத் தெரிந்தன. சொன்னால் நம்ப மாட்டான்.

நுரை போட்டு ஒரு தடவை கழுவிவிட்டு, தார் எடுக்கிற மருந்தை ஸ்பிரே பண்ணினேன். அவசரப்படக் கூடாது. இரண்டு நிமிஷம் விட்டால் தார் தானே இளகிப் பழுப்பாக வடியும். அப்புறம் மெத்தென்ற துணியால் ஒற்றி, மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்குத் துணியின் ஒரு பக்கம். அழுக்கான பக்கத்தைத் திரும்ப வைத்தால் எடுத்த தாரையே தேய்த்துக் கொடுத்த மாதிரி ஆகும். காரின் வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் வந்தேன்.

பின்கதவில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. அதைப் பார்த்ததும் என் கை நின்றது.

டயர் வாரி அடிக்கிற தார் சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடியில், மிளகு மிளகாகத் தெறிக்கும். கைப்பிடி உயரத்துக்கு ஏறி வந்து இரண்டு விரல் அகலத்துக்கு அப்பிக்கொண்டு உட்காராது. குனிந்து பார்த்தேன். விரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. நிமிர்ந்தால் ஜெயப்பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஆட்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் கறுப்பு.

அந்த நேரம் பார்த்து முத்துசெல்வத்துக்குப் பேக்டரியிலிருந்து போன் வந்தது. "ஏலே, பண்டலை எண்ணி ஏத்தச் சொன்னேம்லா" என்று கத்திக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனான். அவள் எழுந்து ஓடி வந்தாள்.

"எக்கா, அதை மட்டும் விட்டுருங்க."

"எதுல இடிச்ச?"

"வீட்டு கேட்டு கொண்டியில. செவ்வாக்கிழமை இவிய வேலைக்குப் போன பொறவு ரிவர்ஸ் எடுத்துப் பாத்தேன். ஸ்கூல் வண்டி சின்னது, அது அளவுக்குத் திருப்பிட்டேன்."

"கீறலை மறைக்கத் தார் எங்கன பிடிச்ச?"

"ரோடு போடுதவங்ககிட்ட கேட்டேன். தொட்டியில ஓட்டை, அடைக்கணும்னு சொன்னேன். சிரட்டையில ஊத்திக் குடுத்தாவ." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் கலங்கியது. "நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும்க்கா. டெஸ்ட்டு முடிஞ்சதும் நானே சொல்லிருதேன். இப்பத் தெரிஞ்சா விட மாட்டாவ. மூணு மாசமா கெஞ்சி வாங்குன சம்மதம்."

என் தொழிலில் கறையை விட்டுவைப்பது எனக்குக் கேவலம். பதினோரு வருஷத்தில் ஒரு பொட்டுகூட விட்டதில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கௌரவத்தை மடித்து பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். பொட்டைச் சுற்றி மட்டும் சுத்தமாகத் துடைத்து, ஷாம்பு போட்டு மருந்தைக் கழுவி, காயத் துடைத்து முடித்தேன்.

முத்துசெல்வம் திரும்பி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினான். மாமனார் மாதிரியே உள்ளங்கையால் தடவிக்கொண்டு வந்தவன், பின்கதவில் நின்றான்.

"எக்கா, இது என்ன?"

"அது இருக்கட்டுங்க, திருஷ்டிக்கு" என்றாள் ஜெயப்பிரியா.

"முன்னாடி எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்குது, பின்னாடி பூசணிக்கா படம் ஒட்டியிருக்கு. பத்தாததுக்கு இது வேறயா? எக்கா, எடுங்க."

"அது பழைய தார் அண்ணாச்சி, பிடிச்சுப்போச்சு. இன்னைக்கு மருந்து விட்டு நாளைக்கழிச்சு எடுத்தாத்தான் நல்லா வரும்."

"மாமனார் பன்னண்டுக்கு வாராவ, நீங்க நாளைக்கழிச்சுங்கீங்க. குடுங்க அதை." என் கையிலிருந்த துணியையும் ஸ்பிரேயையும் பறித்தான்.

"அமுத்தாதீங்க. ரெண்டு நிமிஷம் விடணும்."

நான் இதைச் சொன்னது சத்தியம். ஊரே கேட்கிற மாதிரி சொன்னேன். அவன் மருந்தை அடித்தான், இரண்டு விநாடி விட்டான், ஆட்டுரலில் மாவு தள்ளுகிற வேகத்தில் தேய்த்தான். ஜெயப்பிரியா துப்பட்டா நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். அவ்வளவுதான், நாளைக்கு அவள் போகப்போவதில்லை என்று நினைத்தேன்.

தார் போய்விட்டது. அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. வெள்ளை போய் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது.

முத்துசெல்வம் துணியைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். திரும்பவும் துணியைப் பார்த்தான்.

"எக்கா… நான் கீறிட்டேனா?"

நான் நகத்தால் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். நகம் மாட்டியது. "ஆழமா விழுந்திருக்கு. மெழுகு போட்டெல்லாம் மறைக்க முடியாது, பெயிண்டர்கிட்டதான் போகணும்" என்றேன். அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லைதான். பொய்யும் இல்லை.

"உங்க மருந்துதான்க்கா அரிச்சிட்டு."

"மருந்து அரிச்சா கார் பூரா அரிச்சிருக்கணும்லா? அமுத்தாதீங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?"

சொன்னேன் என்று அவனுக்கே தெரியும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். லோடுமேன்களை அதட்டுகிற அந்தத் தொண்டைக்குள்ளிருந்து சின்னப் பிள்ளைக் குரல் வந்தது. "மாமனார் வந்து தடவுவாவளே. என்ன சொல்லுவேன்? போன தடவை கண்ணாடியில காக்கா எச்சம் இருந்ததுக்கே ஒரு வாரம் பேசலை."

அப்புறம் மனைவி பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, நீ இடிச்சன்னு சொல்லிரு."

"நானா?"

"உன்னைய அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாவ. மகதானே. ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுல உரசிட்டுன்னு சொல்லு. சரியா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி இருமினேன். அந்தப் பெண்ணை எப்படி மெச்சுவது என்று தெரியவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நிதானமாக யோசிக்கிற மாதிரி நின்று, அப்புறம் சொன்னாள்.

"சொல்லுதேன். ஆனா எங்கப்பா கேப்பாவ. உனக்கு ஓட்டத் தெரியுமா, எப்ப ஓட்டுனன்னு கேப்பாவ. நான் பின் சீட்டுல உக்காந்து போய் இறங்கிட்டு, நான்தான் இடிச்சேன்னா நம்புவாவளா?"

"அதுக்கு?"

"சாவியைக் குடுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நான் ஓட்டிட்டு வாரேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

முத்துசெல்வம் என்னைப் பார்த்தான். நான் மணியைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால். "பழகுநர் பலகை இல்லாமப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சிவப்பு டேப்பைக் கிழித்து முன்னாலும் பின்னாலும் ஓர் 'எல்' ஒட்டினேன். ஒட்டி முடிப்பதற்குள் அவன் பையிலிருந்து சாவி வெளியே வந்திருந்தது. கொடுக்கும்போது, "ரொம்ப நன்றிட்டி, என் மானத்தைக் காப்பாத்துன" என்றான். அவள் தன் அப்பாவிடம் சொல்லப்போவது முழு உண்மை, அதற்குத்தான் அவன் நன்றி சொல்கிறான்.

அவள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். என் ஷெட்டுக்குள்ளிருந்து ரிவர்ஸில் வெளியே வருவது லேசு இல்லை. ஒரு பக்கம் பம்ப், மறுபக்கம் கழுவக் காத்திருக்கிற தண்ணீர் லாரி. முத்துசெல்வம் "ஒடி, ஒடி, நிறுத்து, ஐயோ" என்று ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான்.

"தலையை உள்ள எடுங்க, கண்ணாடி மறைக்குது" என்றாள்.

எடுத்துக்கொண்டான். லாரிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு, ஒரே வளைவில் வெளியே கொண்டுவந்து ரோட்டோரத்தில் நிறுத்தினாள். வீட்டு கேட்டின் கொண்டி நன்றாகத்தான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஓடிப்போய் ஜன்னலில் கையை வைத்தேன்.

"ஏட்டி, நாளைக்கு டெஸ்ட்டு எத்தனை மணிக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் முத்துசெல்வம் பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொன்னான். "ஒம்பதரைக்கு எக்கா. கண்டிப்பாப் போயாகணும். மாமனார் கேட்டா லைசென்ஸைக் காட்டணும்லா."