மேக்னெட்டோவுக்குள் தேரி மண்

ஞாயிற்றுக்கிழமை என்றால் நேசையா திருப்புளியைக் கையால் தொடமாட்டார். பாளையங்கோட்டையில் தையல் மிஷின், கடிகாரம், ஆர்மோனியம் எது மக்கர் செய்தாலும் அவருடைய பட்டறைக்குத்தான் வரும். ஆனால் சனிக்கிழமை விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திவிடுவார். அதன்பிறகு பாதிரியாரின் கடிகாரமே நின்றுபோனாலும் திங்கட்கிழமைதான். ஒருமுறை அப்படி நின்றும் போயிற்று. பிரசங்கத்தை எப்போது முடிப்பது என்று தெரியாமல் பாதிரியார் மதியம் வரை பேசிக்கொண்டே போனார். சபை முழுக்கப் பசியோடு நேசையாவை முறைத்தது. மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கை நிறைய எண்ணெயும் கரியுமாக உட்கார்ந்தார் என்றால், அது சத்தியநேசனுக்காக. அந்தப் பெயரை அவனுக்கு வைத்தவர்கள் என்ன நம்பி வைத்தார்களோ.

சத்தியநேசன் ஒரு தையல் மிஷின் கம்பெனியின் ஏஜெண்ட். மேற்கே ஆற்றை ஒட்டிய ஊர்கள், சேரன்மாதேவியிலிருந்து பாபநாசம் வரை, அவன் பாகம். கிழக்கே பனங்காடும் செம்மணலுமான தேரிப் பக்கம் வேறொரு ஏஜெண்டுக்கு. ஜெர்மன் சண்டை தொடங்கியதும் அவனுடைய துரை கப்பலேறினார். போகும்போது தன் மோட்டார் சைக்கிளை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மழையில் கிடந்து துருவேறிய இரும்புக் குவியல் அது. மாட்டுவண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினான்.

"அண்ணாச்சி, இதுக்கு உசிரு குடுக்க ஒங்கள விட்டா இந்தச் சீமையில ஆளு கெடையாது."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் உள்ளே குளிராது? நேசையா அதுவரை மோட்டார் சைக்கிளின் வயிற்றைத் திறந்து பார்த்தவரில்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இறுகிக் கிடந்த பிஸ்டனில் விளக்கெண்ணெய் விட்டு ஊறப்போட்டார். மேலப்பாளையத்துத் தோல் கடையில் எருமைத்தோல் வார் வாங்கி, பின்சக்கரத்தைச் சுற்றும் பெல்ட்டை முறுக்கித் தைத்தார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைக் கிளப்பும் மேக்னெட்டோதான் அவரை அழவைத்தது. அதைக் கழற்றுவார், துடைப்பார், பூட்டுவார், மறுபடியும் கழற்றுவார். அந்த நாட்களில் சாப்பிடக் கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது. அவருடைய தங்கை தேவமணி தட்டோடு வந்து பட்டறையில் வைத்துவிட்டுப் போவாள்.

கடைசியில் ஒரு சாயங்காலம் வண்டி பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, அது வெடிக்கத் தொடங்கியதும் தாவி ஏற வேண்டும். சத்தியநேசன் ஓடினான், தாவினான், தெருவே புகையானது. ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து நேசையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அந்த வாரமே ஆள்விட்டுத் தேவமணியைப் பெண் கேட்டான்.

தாயும் தகப்பனும் போனபின் தங்கையை வளர்த்தவர் நேசையா. அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போவதை நினைத்துத் தூக்கம் கெட்டவர். தலைகால் புரியவில்லை அவருக்கு. பாக்கு வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து, யாருக்கும் தடையில்லை என்று ஆனதும் கல்யாணம் என்று பேச்சு. தங்கையின் வீட்டில் மாட்டுவதற்கென்று ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கி, தூசி படாமல் துணி போட்டுப் பட்டறையில் மாட்டி வைத்தார்.

ஆனால் ஓலைதான் தள்ளிக்கொண்டே போனது. மழை முடியட்டும் என்றான் சத்தியநேசன். பிறகு கம்பெனியில் லீவு கிடைக்கட்டும் என்றான். அதற்குள் ஞாயிறுதோறும் வண்டியை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தான்.

"பாபநாசத்துல மில்லு வேலைக்குப் போயிருக்க நம்ம சனங்க கொஞ்சப்பேரு இருக்காவ, மச்சான். ஜெபம் நடத்த ஆளில்ல. நாம்போயி நடத்திக் குடுக்கேன்."

இதற்குமேல் நேசையா என்ன கேட்பார்? பணம் தேடிப் போகிறேன் என்றிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். கர்த்தருடைய வேலை என்று ஒருவன் சொன்னபின் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீடு என்று துருவுவது அவருக்குப் பாவமாகப் பட்டது. அந்த வேலைக்கு ஓடுகிற வண்டி என்பதற்காகவே சனிக்கிழமைகளில் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துத் தைப்பார், வால்வைத் தேய்ப்பார், காஸ் விளக்குக்குக் கார்பைடு போட்டுவைப்பார். கூலி என்ற பேச்சே கிடையாது.

சத்தியநேசனும் பட்டறைக்கு வருமுன் வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் வண்டியை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் வருவான். மாட்டைக் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். "மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாத்தியா? அழுக்கு வண்டிய எங்கிட்டக் கொண்டாரதில்ல," என்று நேசையா தங்கையிடம் பெருமை பேசுவார். வரும்போது கையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டியும் இருக்கும். உள்ளே ஏலமும் சுக்கும் மணக்கும் சில்லுக்கருப்பட்டி. பாபநாசத்துச் சபையார் தேவமணிக்கென்று கொடுத்துவிட்டார்களாம். அவள் பெட்டியைக் கூட எறியாமல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் சத்தியநேசன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வேட்டி சட்டையெல்லாம் வேர்வை.

"மச்சான், பாதியில நின்னு போச்சு. பொறி வரல. இன்னைக்கு நான் போகாட்டா எல்லாம் கெட்டுப்போகும். அங்கன எல்லாரும் காத்திருக்காவ."

நேசையா குனிந்து பார்த்தார். மேக்னெட்டோவில் பொறியை வெட்டிவிடும் சின்னப் பட்டை ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. நகக்கண் அகலம்தான் இருக்கும், ஆனால் அது இல்லாமல் வண்டி இரும்புதான். கடிகாரச் சுருளில் கொஞ்சம் வெட்டினால் செய்துவிடலாம். பட்டறையில் அன்று இருந்த ஒரே சுருள், துணிக்குள் தொங்கிய தேவமணியின் கடிகாரத்தில் இருந்தது.

கதவுப்பக்கம் தேவமணி கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையோடு வந்து நின்றாள். அண்ணன் கடிகாரத்தை இறக்குவதைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைலா, அண்ணேன்."

"எனக்குத் தெரியாதாட்டி? கர்த்தரோட வேல நிக்குது. நாளைக்கு ஒம் புருசனா வரப்போற மனுசன். ஒனக்காவத்தான் செய்யுதேன், பைய உள்ள போ."

அவள் போய்விட்டாள். நேசையா வாய்க்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சுருளின் முனையை வெட்டி, கரியில் காய்ச்சித் துளைபோட்டு, எண்ணெயில் தோய்த்துப் பூட்டினார். வாழ்நாளில் ஞாயிற்றுக்கிழமை வேலை அதுதான் முதல் தடவை. வண்டி ஒரே ஓட்டத்தில் பிடித்துக்கொண்டது. சத்தியநேசன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தான். அன்றைக்கு நேசையா கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கையை எத்தனை தேய்த்தும் நகத்தடியில் கரி போகவில்லை. ஆனாலும் ஒரு சபை ஜெபமில்லாமல் ஏமாந்து போகாமல் காப்பாற்றினோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சத்தியநேசன் வழக்கம்போல் வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டு வந்தான். ஓலைப்பெட்டியை நீட்டினான். தேவமணி அதை வாங்கிக்கொண்டு, காப்பி எடுத்துவர உள்ளே போனாள்.

"ஒரு தடவ எல்லாத்தையும் நல்லாப் பாத்து விட்டுருங்க, மச்சான். கொஞ்சம் தூரமாப் போகணும்."

அவசரத்தில் செய்த ஸ்பிரிங் எப்படி இருக்கிறதோ என்ற கவலை நேசையாவுக்கு. முதலில் மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே இருந்தார். மூடியின் உள்விளிம்பில், எண்ணெய்ப் பசையில், மிளகாய்த்தூளைத் தூவினாற்போல் சிவப்பாக மண் அப்பியிருந்தது. போன ஞாயிறு விடியாத அரையிருட்டில், அவசரத்தில், இது கண்ணில் படவில்லை. விரலால் தொட்டுத் தேய்த்தார். மாவுபோல் நைசான மணல். பெல்ட் ஓடும் சக்கரத்தின் பின்னால் திருப்புளியை விட்டுச் சுரண்டினார். அங்கேயும் அதே சிவப்பு. மேற்கே ஆற்றுப் பாதையில் சாம்பல் நிற வண்டலும் வயல் சேறும்தான் உண்டு. இந்த மண் கிழக்கே தேரிக்காட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆற்றுத் தண்ணீர் வெளியே இருந்ததைக் கழுவிவிட்டது. மூடிக்குள் அது போகவில்லை.

"பாபநாசத்துக்கு எந்த வழியாப் போறீரு, மாப்பிள்ள?"

"எப்பவும் போற வழிதான்."

"அங்கன தேரி மண்ணு எப்படி வந்துச்சு?"

"காத்துல பறந்து வந்திருக்கும், மச்சான்."

நேசையாவின் கண் ஓலைப்பெட்டிக்குப் போனது. சில்லுக்கருப்பட்டி. உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டுச் சரக்கு. அதை வாரம் தவறாமல் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே பாபநாசத்துச் சபையாரை வாழ்த்தியிருக்கிறார்! அண்ணனும் தங்கையும் மாறி மாறி வாழ்த்தியிருக்கிறார்கள்.

"காத்து கருப்பட்டியையும் தூக்கிட்டு வருமா, வே?"

மாப்பிள்ளை போய், யாரோ ஒருவனைக் கூப்பிடுகிற 'வே' வந்துவிட்டது. சத்தியநேசனுக்கு அது புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பேசத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. உடன்குடிக்கு அந்தாண்டை ஒரு கருப்பட்டி வியாபாரி. ஒரே மகள். கடையில் பங்கு தருகிறார்கள். மெட்ராசுக்குச் சரக்கு அனுப்பும் வேலையை இவனே பார்க்கலாம். தேவமணி நல்ல பிள்ளைதான், அவளைக் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நாளைக் கடத்தினான்.

"பாபநாசத்துச் சபை?"

"அப்படி ஒண்ணு இல்ல, மச்சான்."

"என்னைய மச்சான்னு கூப்பிடாதேயும். அங்கன எதுவரைக்கும் போயிருக்கு?"

"முத ஓல வாசிச்சாச்சு."

"என்னைக்கு?"

"போன ஞாயித்துக்கெழம." சொல்லிவிட்டு நிமிர்ந்தான். பாவி, முகத்தில் ஒரு நன்றி வேறு. "அன்னைக்கு நான் வராட்டா பொண்ணோட அப்பா ஓலையத் திரும்ப வாங்கிருவேன்னு சொல்லியிருந்தாரு. ரெண்டு மூணு தடவ தவண சொல்லிட்டேன்லா, நம்பிக்க போயிருச்சு. கோயில் மணி அடிக்கையில வாசல்ல போயி எறங்கிட்டேன். ஒங்க கைராசிதான்."

நேசையா மூடியை மேசையில் வைத்தார். இவன் பொய் சொன்னது ஒரு பக்கம். கர்த்தரின் பெயரை வைத்து ஏய்த்தது ஒரு பக்கம். ஆனால் வண்டி நின்றதோடு அந்தக் கல்யாணமும் நின்றுபோக இருந்தது. தானாக முறியப் பார்த்ததை, ஒருநாளும் மீறாத நாளை மீறி, தங்கையின் கடிகாரத்தை வெட்டி ஒட்டவைத்தது யார்? அவர்தான். அவரைப் போல் ஒரு மடையன் பாளையங்கோட்டையில் உண்டா?

அடிக்கக் கை ஓங்கவில்லை. கத்தவும் இல்லை. சின்னத் திருப்புளியை எடுத்து, மேக்னெட்டோவிலிருந்து அந்தப் பட்டை ஸ்பிரிங்கை மட்டும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூடியைப் பழையபடி பூட்டினார். வண்டியைத் துணியால் துடைத்துக்கூட விட்டார், பழகிய கை.

"இது எந்தங்கச்சியோடது. மிச்சமெல்லாம் ஒம்மோடது. எடுத்துட்டுப் போம்."

"இது இல்லாம வண்டி ஓடாதே!"

"தள்ளிக்கிட்டுப் போம்வே. தேரி மணல்ல நல்லாவே தள்ள வரும்."

சத்தியநேசன் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினான். தெருமுனை திரும்பும் வரை பெல்ட் சக்கரத்தில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நேசையா திரும்பினார். காப்பித் தம்ளரோடு தேவமணி கதவுப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, காப்பியில் ஆடை படிந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அவளிடம் நீட்டினார். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் அதை வாங்கவில்லை. அழவும் இல்லை. தம்ளரை மட்டும் பட்டறை மேசையில், சிந்தாமல், பைய வைத்தாள்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழமைன்னு நாஞ் சொன்னேன்லா, அண்ணேன்," என்றாள்.